ஷீட்டைப் பிரிக்கும் முன்: கல்நார்க் கூரை பற்றி வாசகர் கேள்வி - பதில்

ஆடிக்காற்று வருமுன் கூரையைச் சரிபார்ப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) ஷீட் பற்றியவை. ‘கேன்சர் வருமா?’ என்ற ஒரே கவலைதான் எல்லாவற்றிலும். அவற்றில் எட்டுக் கடிதங்களுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

கேள்வி: 22 வருஷமா ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீட்டில்தான் இருக்கோம். வீட்டிலேயே இரண்டு தறி ஓடுது. பிள்ளைகளும் இங்கேதான் வளர்ந்தாங்க. உடனே வீட்டைக் காலி பண்ணணுமா?
*வாசகி, செல்லூர்*

காலி செய்ய வேண்டாம். ஷீட் எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கூரை ஷீட்டில் பெரும்பங்கு சிமெண்ட். கல்நார் இழை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். இந்த இழைகளைச் சிமெண்ட் இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. ஷீட் முழுசாக இருக்கும்வரை காற்றில் கலக்கும் இழை மிகக் குறைவு. அறுத்தால், உடைத்தால், துளையிட்டால், கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் அந்தப் பிடி விட்டுப்போகும். அப்போது பறக்கும் இழை கண்ணுக்குத் தெரியாது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது, மணிக்கணக்கில் காற்றிலேயே மிதக்கும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலால் அதைக் கரைக்கவும் முடியாது, முழுதாக வெளியே தள்ளவும் முடியாது. அது தங்கும் இடத்தில் ஆண்டுக்கணக்காக அழற்சியும் தழும்பும் உண்டாகும்.

எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ‘நாங்கள் போடுவது வெள்ளைக் கல்நார், அது ஒன்றும் செய்யாது’ என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். ‘இந்த அளவுக்குக் கீழே ஆபத்தில்லை’ என்று சொல்லத்தக்க வரம்பு எதுவும் கண்டறியப்படவில்லை. அதே நேரம், உள்ளே போன அளவு கூடக்கூடத்தான் ஆபத்தும் கூடும். முழு ஷீட்டுக்குக் கீழே படுத்து உறங்குபவரையும், நாள் முழுக்க ஷீட்டை அறுப்பவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

உங்கள் வீட்டில் தறி இருப்பதால் ஒன்றைக் கவனியுங்கள். தறி அதிர்வு சுவர் வழியாகச் சட்டத்துக்கும், அங்கிருந்து ஷீட்டுக்கும் ஏறும். ஷீட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் கொக்கி வடிவ ஜே போல்ட் தளர்ந்து, துளை ஓரம் அரைபட்டு, துளை பெரிசாகும். பகலில் விளக்கை அணைத்துவிட்டு மேலே பாருங்கள். போல்ட்டைச் சுற்றி வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் அது அரைபட்ட துளை. அதற்கு நேர் கீழே தறிச் சட்டத்தில் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி ஒதுக்கி வையுங்கள். உதறவோ துவைக்கவோ வேண்டாம். போல்ட்டுக்கு ரப்பர் அல்லது தார் வாஷர் மாற்றி, தளர்ச்சி போகும் அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். அளவுக்கு மீறி முடுக்கினால் அங்கேயே விரிசல் விடும்.

பொங்கலுக்கு முன் துடைப்பத்தைக் கம்பில் கட்டி ஷீட்டின் அடிப்பக்கத்தை வறக் வறக் என்று ஒட்டடை அடிக்கும் வழக்கத்தை இந்த வருடத்தோடு விட்டுவிடுங்கள். கம்பில் ஈரத்துணி சுற்றி ஒற்றி எடுத்தால் போதும்.

கேள்வி: கடையில் ‘இது சிமெண்ட் ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் எல்லாம் எப்பவோ தடை பண்ணியாச்சு’ என்கிறார்கள். உண்மையா? எப்படிக் கண்டுபிடிப்பது?
*வாசகர், மேலூர்*

உண்மையில்லை. நம் நாட்டில் புதிய கல்நார்ச் சுரங்கங்களுக்கு அனுமதி தருவது 1986இல் நின்றது. இறக்குமதி செய்த கல்நாரில் ஷீட் செய்வதும் விற்பதும் நிற்கவில்லை. பிரிட்டனில் 1999, ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005 என்று தடை வந்துவிட்டதால், அங்கே வீடு கட்டிய ஆண்டைப் பார்த்தே ஓரளவு முடிவுக்கு வரலாம். இங்கே அது உதவாது. 1980இல் போட்ட ஷீட்டிலும் கல்நார் இருக்கும், போன மாதம் வாங்கியதிலும் இருக்கலாம்.

‘சிமெண்ட் ஷீட்’, ‘ஃபைபர் சிமெண்ட் ஷீட்’ என்ற பெயர்களை நம்பாதீர்கள். கல்நார் கலந்ததையும் இப்படியே அழைக்கிறார்கள். கல்நார் இல்லாதது வேண்டுமென்றால் அதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

பழைய ஷீட்டின் உடைந்த ஓரத்தில் பஞ்சு போல் இழை நீட்டிக்கொண்டு தெரிந்தாலும், அது கல்நாரா வேறு நாரா என்று கண்ணால் சொல்ல முடியாது. தீ வைத்துப் பார்க்கிறேன் என்று இறங்காதீர்கள். சூட்டில் ஷீட் பட்டாசு போல வெடித்துச் சிதறும். என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களில் இதைச் சோதிப்பவர்களும் இருக்கிறார்கள். ‘போலரைஸ்டு லைட் மைக்ராஸ்கோப்பில் ஆஸ்பெஸ்டாஸ் பார்ப்பீர்களா?’ என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். ஏற்கெனவே விரிசல் விட்ட ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்து, குறட்டால் ஐந்து ரூபாய் நாணய அளவு துண்டு எடுத்து, ஜிப் கவரில் போட்டு, அதை இன்னொரு ஜிப் கவரில் போடுங்கள். எடுத்த இடத்தில் பெயிண்ட் தடவி அடையுங்கள். சோதிக்க வழியில்லை என்றால் கல்நார் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு கையாளுங்கள்.

கூரை மட்டுமல்ல. பழைய வீடுகளின் செப்டிக் டேங்க் காற்றுக்குழாய், சாம்பல் நிற மழைநீர்க் குழாய், பழைய ஏ.சி. (ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட்) பைப் இவையும் பெரும்பாலும் இதே பொருள்தான். குளியலறையைப் புதுப்பிக்கும்போது கொத்தனார் இவற்றைச் சுத்தியலால் அடித்து நொறுக்குவதை நிறுத்துங்கள்.

கேள்வி: டிஷ் ஆன்டெனா மாட்ட ஷீட்டில் நாலு ஓட்டை போடணும். கிரைண்டர் வைத்து அறுத்துக்கலாமா?
*வாசகர், திருமங்கலம்*

கிரைண்டரைத் தொடாதீர்கள். அதிவேகத் தட்டு ஷீட்டை மாவாக அரைத்து வீடு முழுக்கத் தூவிவிடும். 

ஆன்டெனாவைச் சுவரில் இரும்புத் தாங்கி வைத்து மாட்டுவதே சரி. காற்று இழுக்கும் பாரத்தைத் தாங்க 6 மில்லிமீட்டர் ஷீட்டுக்கு வலு கிடையாது. ஒயர் மட்டும் நுழைய ஒரு துளை தவிர்க்கவே முடியாது என்றால், போஸ்டர் ஒட்டும் மைதாப் பசையைக் கெட்டியாகக் காய்ச்சி, துளையிடும் இடத்தில் மேலும் கீழும் ஒரு விரல் தடிப்புக்கு அப்புங்கள். முகச்சவர நுரையும் ஆகும். கையால் சுற்றும் துளைப்பானால் மெதுவாகப் போடுங்கள். தூசு பசையிலேயே சிக்கும். ஈரத் துணியால் பசையை வழித்து, துணியோடு பையில் கட்டிவிட்டு, துளை ஓரத்தை எபாக்ஸிப் பசையால் அடையுங்கள்.

கேள்வி: பழைய வீட்டில் 28 ஷீட், 10 அடி. எல்லாவற்றையும் பிரித்துவிட்டு வேறு கூரை போடப்போகிறோம். ஆட்கள் ஒரே நாளில் உடைத்து இறக்கிவிடலாம் என்கிறார்கள். முறையாகச் செய்வது எப்படி?
*வாசகர், உசிலம்பட்டி*

இந்தக் கடிதம் எழுதியதற்கு உங்களுக்கு நன்றி. பெரும்பாலானோர் உடைத்து இறக்கிய பிறகுதான் கேட்கிறார்கள். இத்தனை ஆண்டு அமைதியாகக் கிடந்த கூரையிலிருந்து அதிக இழை பறப்பது பிரிக்கும் அந்த ஒரு நாளில்தான். மூச்சில் வாங்குவது கூலிக்கு வந்தவர்களும், வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளும், பக்கத்து வீட்டாரும்.

ஆனி, ஆடியில் வேண்டவே வேண்டாம். காற்றில்லாத ஒரு காலைப் பொழுதைத் தேர்ந்தெடுத்து, இரண்டு மூன்று நாளாகப் பிரித்துச் செய்யுங்கள். பக்கத்து வீடுகளுக்கு முந்தின நாளே சொல்லி ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்கள். கொடித் துணி, காயும் வடகம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கிணறு, தண்ணீர்த் தொட்டி, மாட்டுத் தொட்டி மூன்றையும் மூடுங்கள். சாமான்களை வெளியேற்றிவிட்டு, 150 மைக்ரான் தடிமனுள்ள பாலித்தீன் விரிப்பைத் தரையில் போட்டு, சுவருக்கு வெளியேயும் ஆறேழு அடி தள்ளி விரியுங்கள்.

அடுத்தது தண்ணீர். 10 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து கைத்தெளிப்பானில் ஊற்றுங்கள். வெறும் தண்ணீர் ஷீட்டின் மேல் முத்தாக உருண்டுவிடும். சோப்பு கலந்தால்தான் ஊறிப் பிடிக்கும். பூச்சிமருந்து அடித்த தெளிப்பான் வேண்டாம், புதிதாக ஒன்று வாங்குங்கள். மேலும் கீழும் இரண்டு பக்கமும் நனைய வேண்டும். காயக் காயத் திரும்பத் தெளியுங்கள். வேகமாகப் பீய்ச்சும் ஹோஸ் கூடாது, அது மேற்பரப்பைப் பெயர்த்தெடுக்கும்.

வேலை செய்பவர் எல்லோருக்கும் ஐ.எஸ். 9473 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள, நுண்தூசைத் தடுக்கும் எஃப்.எஃப்.பி-3 முகமூடி வாங்கிக் கொடுங்கள். துண்டு கட்டுவதும், நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க்கும் இந்த இழையைத் தடுக்காது. தாடி இருந்தால் ஓரத்தில் இடைவெளி விழும், மழித்துவிடச் சொல்லுங்கள். முழுக்கைச் சட்டை, தலைக்குத் துணி, கையுறை. முகமூடிச் செலவைக் கூலியில் பிடிக்காதீர்கள்.

இப்போது ஏறும் விஷயம். கல்நார் நோய் வர இருபது முப்பது ஆண்டு ஆகும், ஷீட்டை உடைத்துக்கொண்டு கீழே விழ ஒரு நொடி போதும். பழைய ஷீட் ஆள் பாரம் தாங்காது. போல்ட் வரிசை மேல் மிதித்தால் விழாது என்பதும் தவறான நம்பிக்கை. முடிந்தவரை வீட்டுக்குள் சாரம் கட்டி, கீழிருந்தே வேலை பாருங்கள். மேலே போயே ஆக வேண்டுமென்றால், குறைந்தது மூன்று சட்டங்கள் மேல் கிடக்கும் அகலப் பலகை போட்டு, அதன் மேல் மட்டும் நடக்க வேண்டும்.

துருப்பிடித்த ஜே போல்ட்டை நட்டைத் திருகிக் கழற்றப் போனால் ஷீட் நொறுங்கும். சாரத்தில் நின்று, ஷீட்டுக்குக் கீழே தெரியும் கொக்கியைப் போல்ட் கட்டரால் நறுக்கிவிடுங்கள். இரும்பறுக்கும் கைரம்பமும் சரி. முதலில் முகட்டு மூடியை எடுத்து, பிறகு மேல் வரிசை, அதன் பின் கீழ் வரிசை. மேலுள்ளதுதான் கீழுள்ளதன் மேல் ஏறியிருக்கிறது, மாற்றிப் பிடுங்கினால் ஓரம் உடையும். ஒரு 10 அடி ஷீட் சுமார் 40 கிலோ. மேலே இருவர், கீழே இருவர் என்று கைமாற்றி இறக்குங்கள். ஒன்றின் மேல் ஒன்றைத் தேய்த்துச் சரிய விடாதீர்கள், எறியவும் கூடாது.

இறக்கியதை ஈரத்தோடு அடுக்கி, இரண்டு சுற்று பாலித்தீன் சுற்றி, டேப் ஒட்டி, ‘கல்நார் - உடைக்காதீர்’ என்று பெரிசாக எழுதுங்கள். உடைந்த சில்லுகளுக்கு இரட்டைப் பை. சட்டங்களை ஈரத்துணியால் துடையுங்கள். துடைப்பம் வேண்டாம். வீட்டு வேக்குவம் கிளீனரும் வேண்டாம், அதன் வடிகட்டி வழியாகவே இழை வெளியே வந்து அறை முழுக்கப் பரவும். விரிப்பை உள்பக்கமாகச் சுருட்டிக் கட்டுங்கள். கடைசியில் சட்டைமேல் தண்ணீர் தெளித்து, சட்டையைக் கழற்றி, முகமூடியை எல்லாவற்றுக்கும் பிறகு கழற்றி, அங்கேயே குளிக்க வேண்டும். அந்தச் சட்டை வீட்டுக்குப் போகக் கூடாது. கல்நார்த் தொழிலாளியின் துணியைத் துவைத்ததால் மட்டுமே மனைவிக்கு நோய் வந்த நேர்வுகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன.

கேள்வி: கழற்றிய ஷீட்டை ஆட்டுக்கொட்டகைக்குப் போடலாம் என்கிறார் மாமனார். உடைந்ததைப் பாதையில் போட்டு மண் மூடலாமா?
*வாசகி, வாடிப்பட்டி*

பாதையில் போடவே கூடாது. டிராக்டர் ஏறி ஏறி அரைபட்டு, கோடையில் புழுதியாகக் கிளம்பும். கண்மாய்க் கரையும் வைகைக் கரையும் அதே மாதிரிதான். மதுரை நகரத்தில் இருப்பவர்கள் வெள்ளைக்கல் கிடங்குக்குப் போகும் குப்பையோடும் கலந்து விடாதீர்கள். அங்கே குப்பையைக் கிளறிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள்.

2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள், கழித்துப்போட்ட கல்நாரை அபாயகரக் கழிவுப் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மதுரை மாவட்ட அலுவலகத்துக்கு எத்தனை ஷீட், எந்த ஊர் என்று எழுதி, எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள். வீட்டுக்காரர்கள் இப்படி எழுதிக் கேட்பது குறைவு. பதில் வரத் தாமதமாகலாம். அதுவரை சுற்றியபடியே, பிள்ளைகளும் ஆடுமாடும் போகாத மூலையில் மேடான இடத்தில் வையுங்கள்.

மாமனார் சொல்வதில் நியாயம் இருப்பது போலத் தோன்றும், காசு கொடுத்து வாங்கியதாயிற்றே. ஆனால் பழைய ஷீட்டை மறுபடி மாட்டப் புதுத் துளை போட வேண்டும், ஓரம் வெட்ட வேண்டும், ஆடு முட்டி உடைக்கும். கூடாது என்பதே எங்கள் கருத்து. பழைய இரும்புக் கடைக்கு விற்பதும் ஆபத்தை அடுத்த வீட்டுக்கு அனுப்புவதுதான்.

கேள்வி: வெயிலுக்கு ஷீட் மேல் வெள்ளை அடிக்க வேண்டும். பாசியைச் சுரண்டிவிட்டு அடிக்கலாமா?
*வாசகர், அவனியாபுரம்*

அடிக்கலாம், சுரண்டாமல். பாசி பிடித்த ஷீட்டில் மேல் சிமெண்ட் அரித்துப்போய் இழை வெளியே நிற்கும். கம்பி பிரஷ், உப்புத்தாள், பிரஷர் வாஷர் எல்லாம் அதைக் கிளப்பிவிடும். பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தெளித்து, பாசி செத்துக் காய்ந்து மழையில் தானாகப் போகும்வரை சில வாரம் விடுங்கள். பிறகு நீளக் கம்பு மாட்டிய ரோலரால், ஏணியிலோ பலகையிலோ நின்று, அக்ரிலிக் வெள்ளைக் கூரைப் பெயிண்ட் இரண்டு கை அடியுங்கள். சுண்ணாம்பும் குளிர்ச்சி தரும், ஆனால் ஒரு மழைக்காலத்தில் கரைந்துவிடும். பெயிண்ட் இழையையும் சேர்த்து ஒட்டிப் பிடிக்கும் என்பதால் அதற்குச் செலவழிப்பது தகும். உதிரும் நிலையில் உள்ள ஷீட்டுக்குப் பெயிண்ட் மருந்தாகாது, அதை மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: ஷீட்டில் விழும் மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துச் சமைக்கிறோம். வயிற்றுக்குள் போனால் கேன்சரா?
*வாசகி, சோழவந்தான்*

குடிநீரில் உள்ள கல்நாரால் புற்றுநோய் வருகிறது என்பதற்கு ஒரே சீரான ஆதாரம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு இதற்கென வரம்பும் வைக்கவில்லை. பயப்பட வேண்டியது மூச்சுவழியைத்தான். ஆனாலும் பழைய ஷீட்டுத் தண்ணீரைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். பறவை எச்சமும் பாசியும் சேர்ந்துதான் அதில் வருகின்றன. கிணற்றுப் பக்கம் உறிஞ்சுகுழிக்கு விடுங்கள், முதல் மழையை வெளியே தள்ளிவிட்டு. கூரை ஓரத்து வாய்க்கால் தகட்டில் படியும் சகதிதான் இங்கே கவனிக்க வேண்டியது. காய்ந்தபின் கையால் அள்ளாமல், ஈரமாக இருக்கும்போதே அள்ளிப் பையில் கட்டுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் 25 வருஷமா ஷீட் மாட்டுற வேலை. இப்போ மாடி ஏறினா மூச்சு வாங்குது, வறட்டு இருமல். டி.பி. மாத்திரை ஒரு தடவை முழுசா சாப்பிட்டாச்சு, சரியாகலை. பீடி பழக்கமும் உண்டு. இது ஷீட்டாலயா?
*வாசகி, வில்லாபுரம்*

கடிதத்தை வைத்து நோயைச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சந்தேகப்படுவது சரி. கல்நாரால் நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்க்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று பெயர். உழைத்து ஓடினால் மூச்சிரைப்பு, சளியில்லாத இருமல், சிலருக்கு விரல் நுனி தடித்து உருண்டு போவது இதன் அறிகுறிகள். டி.பி. என்று நினைத்து மருந்து கொடுத்துவிடுவது நம் ஊரில் நடக்கக்கூடியதே. நோயாளியின் தொழிலை டாக்டர் கேட்காமல் விடுவதும், நோயாளி சொல்லாமல் விடுவதும் இதற்குக் காரணம்.

அரசு ராஜாஜி மருத்துவமனையிலோ தோப்பூர் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையிலோ காட்டுங்கள். ‘25 வருஷம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அறுத்து மாட்டியவர்’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லி, அதைச் சீட்டில் எழுதவும் சொல்லுங்கள். எந்த வருடம் முதல், எங்கெங்கே, கிரைண்டரா கைரம்பமா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சளிப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, ஊதிப் பார்க்கும் சோதனை, தேவைப்பட்டால் உயர்தெளிவு சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். பழைய எக்ஸ்ரே படங்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

தழும்பைப் போக்க மருந்து இல்லை. மேலும் கெடுவதை மெதுவாக்க முயலலாம். பீடியை இன்றோடு நிறுத்த வேண்டும். புகையும் கல்நாரும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து வெறுமனே கூடுவதில்லை, பல மடங்காகப் பெருகுகிறது. ஷீட் அறுக்கும் வேலைக்கும் இனி போக வேண்டாம். ஃபுளூ, நிமோனியா தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

இழப்பீடு தரவேண்டிய தொழில்சார் நோய்களின் சட்டப் பட்டியலில் ஆஸ்பெஸ்டோசிஸ் இருக்கிறது. கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும், நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயும் இருக்கின்றன. கல்நார் ஆலையில் வேலை பார்த்த காலம் ஏதாவது உண்டா என்று கேட்டுப் பாருங்கள். தொழிலாளியின் உடல்நலப் பதிவை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலை முடிந்தபின் 15 ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பதிவைக் கேட்டு வாங்கலாம். தனியாக வேலை பார்த்தவர் என்றால் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியப் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று உடனே பாருங்கள். புதுப்பிக்காமல் விட்டிருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள்.